கெட்டுப்போகாத பால்: டின் பால் நம் வீட்டுக்கு வந்த கதை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விடியற்காலையில் மரத்தை வெட்டி மங்கில் சேர்ப்பது ஒரு பால். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் கறந்து செம்பில் எடுப்பது இன்னொரு பால்.

இரண்டுமே காத்திருக்காதவை. வெயில் ஏறினால் மரத்துப் பால் மங்கிலேயே உறைந்துவிடும். அதனால்தான் பால்வெட்டுக்குப் போனவர்கள் உச்சி வெயிலுக்கு முன்பே பாலைச் சேகரித்து நிறுக்கக் கொண்டு போனார்கள். மாட்டுப் பாலும் அப்படித்தான். காலையில் கறந்ததைக் காய்ச்சாமல் வைத்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் புளித்துத் திரிந்துவிடும்.

ஆனால் தோட்டத்துக் கடையில் மூன்றாவதாக ஒரு பாலும் இருந்தது. தகர டின்னில் அடைத்து அடுக்கி வைத்திருந்த கெட்டிப் பால். பல மாதங்கள் ஆனாலும் அது கெடவில்லை. தேநீருக்கும் காப்பிக்கும் அதுவே பாலானது. சீனியும் அதிலேயே இருந்தது. பல வீடுகளில் அது கைக்குழந்தையின் புட்டிக்குள்ளும் போனது.

அந்த டின் எப்படி வந்தது, அதிலிருந்த பால் ஏன் கெடவில்லை, இன்று கடையில் இருக்கும் டின்னில் இருப்பது அதே பால்தானா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய கதைதான் என்றாலும், இன்றைய வீட்டுச் சமையலறைக்கும் அது பொருந்தும்.

பால் ஏன் கெடுகிறது?

பசும்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர். மீதியில் கொழுப்பும் புரதமும் பாலுக்கே உரிய சர்க்கரையும் தாதுக்களும் இருக்கின்றன. கன்றுக்கு எது ஊட்டமோ அதுவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் நல்ல உணவு. நம் நாட்டு வெப்பத்தில் அவை அரை மணி நேரத்துக்குள்ளாகவே இரண்டு மடங்காகப் பெருகக்கூடும். கறக்கும்போது சில நூறாக இருந்தவை பொழுது சாயும்போது பல இலட்சமாகிவிடுகின்றன.

எந்த உணவையும் கெடாமல் காப்பதற்கு மனிதர்கள் கண்ட வழிகள் சிலவே. சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொல்லலாம். குளிர வைத்து அவற்றின் வேகத்தைக் குறைக்கலாம். புளிக்க வைத்து அவற்றுக்கு ஒவ்வாத நிலையை உண்டாக்கலாம். அல்லது அவை உயிர்வாழத் தேவையான தண்ணீரை எடுத்துவிடலாம்.

கடைசி வழியை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கருவாட்டில் உப்பும் வெயிலும் தண்ணீரை எடுக்கின்றன. ஊறுகாயில் உப்பு அந்த வேலையைச் செய்கிறது. சர்க்கரைப் பாகில் ஊறிய பழம் கெடாததற்கும் அதுதான் காரணம். உப்போ சர்க்கரையோ மிகுதியாக இருந்தால், உணவில் தண்ணீர் இருந்தாலும் நுண்ணுயிர்களால் அதைப் பயன்படுத்த முடியாது. அவற்றின் உடலில் இருக்கும் தண்ணீரே வெளியே இழுக்கப்பட்டுவிடும்.

தயிர், மோர், நெய்

பாலைக் காப்பாற்றும் முயற்சி மிகப் பழையது. இன்றைய துருக்கியின் வடமேற்குப் பகுதியில் கிடைத்த, ஏறக்குறைய 8,500 ஆண்டுகளுக்கு முந்திய மண்பானைத் துண்டுகளில் பால் கொழுப்பின் எச்சத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். போலந்தில் 7,000 ஆண்டுகளுக்கு முந்திய, துளையிட்ட மண்கலங்கள் கிடைத்தன. அவை பாலாடைக்கட்டி வடிக்கப் பயன்பட்டவை என்று அவற்றில் ஊறியிருந்த கொழுப்பே காட்டிக்கொடுத்தது.

நம் வீட்டு முறையும் இதே அறிவின் வழிதான். காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு கரண்டி மோரை உறை ஊற்றினால், நல்ல நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் புரதம் திரண்டு தயிராகிறது. கெடுதல் செய்யும் பல நுண்ணுயிர்களால் அந்தப் புளிப்பில் பெருக முடிவதில்லை. தோட்டத்துப் பால் ஸ்டோரில் மரத்துப் பாலுடன் அமிலம் சேர்த்து உறைய வைத்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, அதை உருக்கினால் நெய். உருக்கும்போது சடசடவென்று கேட்கும் ஓசை தண்ணீர் வெளியேறும் ஓசை. அது அடங்கும்போது நெய்யில் ஏறக்குறைய தண்ணீரே இருப்பதில்லை. ஆகவே குளிர்பெட்டி இல்லாத காலத்திலும் நெய் பல மாதங்கள் தாங்கியது. பாலில் கெடக்கூடியது தண்ணீரோடு போய்விட, கெடாத கொழுப்பு மட்டும் சட்டியில் தங்கியது.

லயத்து மாடும் பட்டணத்துப் பால்காரரும்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த இந்தியர்கள் இந்த அறிவையும் மாட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். அப்படி வந்து இங்கேயே பெருகிய மாடுகளை மலேசியக் கால்நடைத் துறையினர் இன்றும் உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்ற பெயரில்தான் குறிப்பிடுகிறார்கள். பால் கொஞ்சம்தான் கறக்கும். ஆனால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். லாலான் புல் மேய்ந்தே பிழைத்துக்கொள்ளும்.

தோட்டத்தில் மாடு என்பது சேமிப்புப் பணம். பால் விற்றால் கைச்செலவுக்கு ஆகும். மகளுக்குக் கல்யாணம் வந்தால் ஒரு மாட்டை விற்கலாம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசியவர்களுக்கு அது குடும்பத்தில் ஒருவராகவே இருந்தது.

பட்டணங்களில் தமிழர்களும் வட இந்தியர்களும் பால் வியாபாரம் செய்தார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்துக்குப் பேர்போன இடம். எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும், பஃபலோ ரோடு என்ற தெருவின் பெயரும் அதற்குச் சாட்சி. பால்காரர் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சிலர் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து, கண் முன்னால் கறந்து கொடுத்தார்கள்.

கண் முன்னால் கறப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்ற புகார் எங்கும் இருந்தது. நகராண்மைக் கழகத்தின் ஆய்வாளர்கள் பாலைச் சோதித்து வழக்குப் போட்டார்கள். கலந்த தண்ணீர் சுத்தமற்றதாக இருந்தால், பால் மெலிவதோடு நோயும் சேர்ந்து வந்துவிடும்.

குளிரூட்டிய பால் வசதியுள்ளவர்களுக்கே கிடைத்தது. 1903-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் குளிர்பதன முறையில் வெளிநாட்டு உணவுப் பொருள்களைக் கொண்டு வந்தது. பின்னர் புக்கிட் தீமா பகுதியில் வெளிநாட்டுக் கறவை மாடுகளை வைத்துப் பண்ணை நடத்தியது. இன்று அங்குள்ள டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். குளிர்பெட்டி இல்லாத லயத்துக்கும் கம்பத்துக்கும் அந்தப் பால் எட்டவில்லை. அங்கே எட்டியது டின் பால்.

டின் பிறந்த விதம்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் ஒரு வழி கண்டார். உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேக வைத்தால் அது கெடுவதில்லை. அதற்கு அரசாங்கம் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. 1810-இல் அவர் தம் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் புட்டிக்குப் பதிலாகத் தகரக் கலத்தைப் பயன்படுத்த பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றார்.

பாலை டின்னில் அடைத்து வெற்றி கண்டவர் அமெரிக்கரான கெய்ல் போர்டன். பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுப்பில் காய்ச்சும்போது அடிப்பிடிக்கும், நிறம் மாறும். சர்க்கரை ஆலைகளில் பயன்பட்ட, காற்றை உறிஞ்சி எடுக்கும் கொப்பரையை போர்டன் பாலுக்குப் பயன்படுத்தினார். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் பால் மிகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அடிப்பிடிக்காமல் தண்ணீர் ஆவியாகும். இந்த முறைக்கு 1856-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

சுண்டிய பாலில் சர்க்கரை நிறையச் சேர்த்தபோது அது நீண்ட நாள் நின்றது. நுண்ணுயிர்கள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் நிரூபித்தது 1860-களில்தான். போர்டன் அந்த விளக்கம் வருவதற்கு முன்பே வழியைக் கண்டுவிட்டார். மாட்டின் மடியைக் கழுவ வேண்டும், பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தமக்குப் பால் ஊற்றும் விவசாயிகளிடம் கண்டிப்பாக இருந்ததும் அவருடைய வெற்றிக்கு ஒரு காரணம்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. வடக்குப் படை வீரர்களுக்காக டின் பால் பெருமளவில் வாங்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அதன் சுவையையும் கொண்டு போனார்கள். 1866-இல் அமெரிக்கர்களான பேஜ் சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் ஷாம் என்ற ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனத்தைத் தொடங்கினர். 1905-இல் அது நெஸ்லே நிறுவனத்தோடு இணைந்தது.

பினாங்கில் இறங்கிய பால்

அந்த ஆங்கிலோ-சுவிஸ் பெயரில்தான் நிறுவனம் 1912-இல் பினாங்கில் கடை விரித்தது. 1939-இல் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் டின் பால் பரவிய காலமும் ஒன்றுதான்.

அது பரவியதில் வியப்பில்லை. குளிர்பெட்டி தேவையில்லை. சீனி தனியாக வாங்க வேண்டாம். உள்ளே தண்ணீர் கலந்திருக்குமோ என்ற பயமில்லை. மாதச் சம்பளம் வரும் வரை தோட்டத்துக் கடையில் கணக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கெட்டிச் சாயம் தரும் தேயிலைத் தூளின் கசப்பை அதன் இனிப்பு அடக்கியது. இன்று நாட்டின் அடையாளமாகிவிட்ட தே தாரேக், டின் பால் இல்லாமல் பிறந்திருக்காது.

காலி டின்னும் வீணாகவில்லை. அரிசி அளக்க அதுவே படி. காப்பிக் கடையில் கட்டிக் கொடுக்கும் காப்பிக்கும் அதுவே கலம். டின்னில் ஊற்றி, கயிறு கோத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள்.

நாடு விடுதலை பெற்ற பிறகு டின் பால் இங்கேயே தயாரானது. ஃபிரேசர் அண்டு நீவ் நிறுவனம் 1959-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கெட்டிப்பால் தொழிலில் இறங்கியது. 1962-இல் பெட்டாலிங் ஜெயாவில் நெஸ்லேயின் தொழிற்சாலை தொடங்கியது. ஆனால் தொழிற்சாலை உள்ளூரில் இருந்தாலும் பால் உள்ளூர் மாட்டுடையதாக இருக்கவில்லை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பால் மாவைக் கரைத்து, கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்தே அது உருவானது. லயத்து மாட்டுப் பாலுக்கும் டின்னுக்கும் தொடர்பே ஏற்படவில்லை. சிறு பண்ணைக்காரர்களின் பாலை வாங்கிக் குளிரூட்டி அனுப்பும் சேகரிப்பு மையங்களை மலேசியக் கால்நடைத் துறை அமைத்தது 1970-களில்தான். அதற்குள் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தன. பின்னர் தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அடுக்குமாடி வீட்டுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போக முடியவில்லை.

1939: சிங்கப்பூரில் ஒரு மருத்துவரின் எச்சரிக்கை

டின் பால் கதையில் மறக்கக் கூடாத ஒரு பெயர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த இவர், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் பணியாற்றியபோது குவாஷியோர்கர் என்ற புரதக் குறைவு நோயை மருத்துவ உலகுக்கு விளக்கியவர். 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார்.

இங்கே அவர் பார்த்தது வேறொரு துயரம். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பான கெட்டிப் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுக்கும் வழக்கம் பரவியிருந்தது. தாதியைப் போல உடை உடுத்திய விற்பனைப் பெண்கள் வீட்டுக்கே வந்து, இதுதான் குழந்தைக்கு நல்லது என்று தாய்மார்களை நம்ப வைத்தார்கள். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அதற்கு அவர் வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்'. தவறான விளம்பரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்தச் சபையில் துணிந்து சொன்னார்.

அவர் சொன்னதில் இருந்த அறிவியல் எளிமையானது. டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதன் தித்திப்புக் குறையும் வரை தண்ணீர் ஊற்றிக் கரைத்தால், புரதமும் கொழுப்பும் குழந்தைக்குப் போதாத அளவுக்கு மெலிந்துவிடும். குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும்; உள்ளே வலு இருக்காது. ஆடை நீக்கிய பாலில் செய்த டின் என்றால் கொழுப்போடு வைட்டமின் ஏ சத்தும் போய்விட்டிருக்கும். கண் பார்வையே கெட வாய்ப்பிருந்தது. கரைக்கும் தண்ணீரும் புட்டியும் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலில் கிடைக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியும் இல்லை.

இதில் தாய்மார்களைக் குறை சொல்வதற்கில்லை. விடியுமுன் வெட்டுக்குப் போக வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனாள். இடையில் வந்து பால் கொடுக்க வேலை இடம் தரவில்லை. விளம்பரத்தில் கொழுத்த குழந்தையின் படம் இருந்தது. கையில் இருந்த வழி டின்தான்.

போர்க்காலத்தில் டாக்டர் வில்லியம்ஸ் ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, 20 குழந்தைகளும் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் எடுத்துக் கூறினார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரப்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் அனைத்துலக நெறிமுறை 1981-இல்தான் வந்தது. அவர் எச்சரித்து 42 ஆண்டுகள் கழித்து.

இன்றைய டின்னில் என்ன இருக்கிறது?

கெட்டிப் பால் என்று சொல்ல வேண்டுமானால், அனைத்துலக உணவுத் தரத்தின்படி அதில் குறைந்தது 28 விழுக்காடு பாலின் திடச் சத்தும், அதற்குள் 8 விழுக்காடு பால் கொழுப்பும் இருக்க வேண்டும். சர்க்கரை ஏறக்குறைய 45 விழுக்காடு. பாலைக் கெடாமல் காப்பது இந்தச் சர்க்கரைதான். அதைக் குறைத்தால் பால் நிற்காது.

ஆனால் இன்று நம் கடைகளில் டின் பால் என்று கேட்டு வாங்கும் பொருள்களில் பல, கெட்டிப் பாலே அல்ல. டின்னில் 'கிரிமர் மானிஸ்' என்று எழுதியிருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்து, பாலின் பங்கைக் குறைத்துச் செய்தது அது. விலை குறைவு என்பதால் கடைகளும் வீடுகளும் அதற்கு மாறிவிட்டன. நிறம், தித்திப்பு, டின் எல்லாம் பழையபடியே இருப்பதால் பலர் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பால் குடித்த மாதிரி ஆயிற்று என்று பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தால், பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் சர்க்கரையும் எண்ணெயும்தான்.

பெரியவர்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு குவளை தேநீரில் 2 மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 40 கிராம் ஊற்றினால், அதிலேயே 18 கிராம் சேர்த்த சர்க்கரை. 4 தேக்கரண்டிக்கும் மேல். நாளுக்கு 3 குவளை குடித்தால் 54 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்குச் சொல்லும் நாள் வரம்பான 50 கிராம் அதிலேயே தாண்டிவிடுகிறது. 2019-இல் மலேசியாவில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. முக்கிய இனங்களில் இந்தியர்களிடமே அது மிக அதிகம். அந்தக் காலத்தில் டின் பால் தேநீரைக் குடித்தவர்கள் மரம் வெட்டிப் பால் சுமந்து அந்தச் சர்க்கரையைக் கரைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்த வழி இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டின்னின் முன்பக்கத்தில் 'சூசு பெக்காட் மானிஸ்' என்றிருந்தால் அது இனிப்பான கெட்டிப் பால். 'கிரிமர்' என்றிருந்தால் பாலல்ல, பால் கலந்த கலவை.

பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுவே முதலில் வரும். 'கூலா' என்பது சர்க்கரை, 'மிஞாக் சாவிட்' என்பது செம்பனை எண்ணெய், 'பெபெஜால் சூசு' என்பது பாலின் திடச் சத்து. கடைசிச் சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தாய்ப்பால் கொடுக்க முடியாத நிலையில் மருத்துவரோ கிளினிக் தாதியோ சொல்லும் குழந்தைப் பால் மாவையே கொடுக்க வேண்டும். கெட்டிப் பாலும் கிரிமரும் எந்த நிலையிலும் அதற்கு மாற்று ஆகா. ஒரு வயதுக்குப் பிறகு பால் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சூடாக்கிக் குளிரூட்டிய பசும்பால் இருக்கிறது. குளிர்பெட்டி இல்லாத இடத்துக்கு, 135 பாகைக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கிப் பெட்டியில் அடைத்த பால் இருக்கிறது. திறக்காத வரை அது பல மாதங்கள் தாங்கும். சர்க்கரை சேர்க்காமலே பாலைக் காப்பாற்றும் வழி இன்று நம் கைக்கு எட்டிவிட்டது.

திறந்த டின்னை அப்படியே மேசையில் வைக்காமல், மூடியுள்ள கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. ஈரக் கரண்டி போடக் கூடாது. தண்ணீர் சேர்ந்தால் சர்க்கரையின் காவல் தளர்ந்துவிடும், பூசணம் பிடிக்கும்.

தேநீரில் டின் பாலின் சுவை பழகிப்போனவர்கள் அதை ஒரேயடியாக விட வேண்டியதில்லை. 2 கரண்டியை ஒன்றாக்கலாம். 'கூராங் மானிஸ்' என்று சொல்லி வாங்கலாம். வீட்டில் பிள்ளைகளுக்கு என்று வாங்கும் டின்னை மட்டும், அடுத்த முறை கடையில் எடுக்கும்போது ஒரு தடவை திருப்பிப் படித்துப் பாருங்கள்.